சல்லடை அக்காவின் மணல் தட்டுகள்

அவளை எல்லோரும் சல்லடை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் என்று தெரிந்தும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. துணிக்கடைக்குப் போனால் துணியின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, தேதியைத் தானும் படித்து, கடைக்காரரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போனால்தான் பைக்குள் போடுவாள். பால்காரர் அவள் வீட்டு வாசலில் மட்டும் கேனைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அளப்பார். சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவர் கொஞ்சம் தாமதமாக வந்தால், அவள் வாயைத் திறப்பதற்குள் எங்கே நின்றேன், யாரிடம் பேசினேன், என்ன பேசினேன் என்று ஒப்பித்துவிடுவார். மனுஷன் இத்தனை வருஷத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்ய அவருக்கு நேரம் எங்கே இருந்தது?

இந்தச் சந்தேகம் அவள் கூடப் பிறந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவளும் எல்லோரையும் போல யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தவள்தான். அந்த வருஷம் மார்க்கெட்டில் விதைக்கடை வைத்திருந்தவரிடம் பளபளப்பான பையில் கடலை விதை வாங்கிவந்து, இருந்த கொஞ்ச நிலம் முழுக்க ஊன்றினாள். முளைத்தது வரப்போரத்துப் புல்தான். பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நியாயம் கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விவசாயி யார், நீயா, உன் வீட்டுக்காரரை வரச்சொல் என்றார். உழுததைத் தவிர அந்த நிலத்தில் எல்லா வேலையும் செய்தவள் அவள்தான். அவள் கணவருக்குச் சைக்கிள் டியூப் தெரியும், கடலை தெரியாது. அவர் போய்க் கேட்டதும் கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, மண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவரும் அதை அப்படியே கொண்டுவந்து மனைவியிடம் சொன்னார். அன்றிலிருந்து அவள் யாரையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டாள், தேநீர் குடித்துவிட்டு வருபவர்களை முக்கியமாக.

பிறகு விதைக் குழு வந்தது. குழுவை ஆரம்பித்தவள் தையல்கார அக்கா. மெஷினில் உட்கார்ந்தபடியே சுற்றுவட்டாரத்துப் பெண்களின் கஷ்டத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் புத்தியில் பட்டது: விதையைத் தெரிந்தெடுத்துப் பத்திரப்படுத்துவதெல்லாம் பெண்கள், ஆனால் விதை விற்பவன் மட்டும் வேறு ஒருவன். ஏன் நாமே விற்கக்கூடாது? கிண்டல் செய்யாத ஆண்பிள்ளை பாக்கியில்லை. மூடிப்போன மர அறுவை மில்லில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, மரத்தூளைக் கூட்டித் தள்ளி, பலகைகள் பரப்பி, கடலை மூட்டைகளை அடுக்கினார்கள். வாசலில் குழுவின் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டினார்கள். முதல் வருஷம் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். இரண்டாம் வருஷம் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதற்கப்புறம் முகம் தெரியாதவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். எங்கிருந்தோ அதிகாரிகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தை எதற்கு எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று சல்லடை அக்கா மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை முளைப்புச் சோதனை. இதைவிடப் பொருத்தமான ஆளை வலைபோட்டுத் தேடினாலும் பிடித்திருக்க முடியாது. விதைக்கடலையைத் தோலோடு காயாகத்தான் மூட்டையில் விற்பார்கள். உள்ளே பருப்பு எப்படி இருக்கிறது என்று உடைத்தால்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பெண்ணும் தன் மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டுக் கொஞ்சம் காய் எடுத்து, உடைத்து, பருப்பை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து தரவேண்டும். சல்லடை அக்கா அதை ஈர மணல் பரப்பிய தட்டில் ஊன்றிவைத்துப் பார்ப்பாள். தட்டில் நன்றாக முளைத்தால் மூட்டை மில் அறைக்குள் போகும். இல்லையென்றால் வந்த வழியே வீட்டுக்குப் போகும்.

வீட்டுக்குப் போவதில் ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் நடக்கிற கூத்துதான் பெரிது. தேறாத விதைக்காரியை மில் முற்றத்துக்குக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க, அழுகின பருப்புகளை அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பாள் சல்லடை அக்கா. இது என்ன, இது என்ன என்று கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். இதை வாங்கிக்கொண்டு போகிறவள் வீட்டில் அடுப்பு எரியுமா என்பாள். அவள் சொல்வது அத்தனையும் நியாயம். நியாயமாக இருந்ததால்தான் கேட்பவளுக்குக் காது கூசியது. ஒருமுறை மாட்டியவள் அடுத்த முறை மூட்டையோடு வரும்போதே முகம் வெளிறித்தான் வருவாள். அதைப் பார்த்துச் சல்லடை அக்காவுக்கு அந்த மூட்டைமேல் இன்னும் கொஞ்சம் சந்தேகம் வரும்.

மில் அறையின் சாவி அவளுடைய ஓரகத்தியிடம் இருந்தது. சைக்கிள் கடைக்காரரின் தம்பி மனைவி. தம்பி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அதிகம் பேசாதவள். மூட்டைகளை வாங்கி அடுக்குவது, காற்றாட மாற்றிவைப்பது, வாங்க வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அதற்குக் குழு கொடுக்கிற சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடியது, மகள் படித்தாள். கொஞ்சம் நிலத்தில் அவளும் விதைக்கடலை போட்டிருந்தாள்.

அந்த வருஷம் அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிடுங்கிக் காயப்போட்ட கொடி காய்வதற்குள் நனையும், மறுபடி காய்வதற்குள் மறுபடி நனையும். பெண்கள் பாயை எடுத்துக்கொண்டு வெயில் எங்கே அடிக்கிறது என்று தெருத்தெருவாக ஓடினார்கள். இந்த வருஷம் பாதிக்குமேல் திருப்பி அனுப்பவேண்டியிருக்கும் என்று சல்லடை அக்கா வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் மணல் தட்டுகளில் நடந்தது வேறு. ஊன்றியது எல்லாம் முளைத்தது. தட்டுக்குத் தட்டு பச்சை. மண்ணை முட்டிக்கொண்டு முளைகள் வரிசைகட்டி நின்றன. அவளுக்கே ஆச்சரியம். பிறகு யோசித்துப் பார்த்தாள். நம்மேல் இருக்கிற பயத்தில்தான் இவளுகள் ராப்பகலாகக் காயவைத்து ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறாளுகள் என்று முடிவு கட்டினாள். அன்றைக்கு அவள் முகம் இரண்டு தோசைக்கல் அகலத்துக்கு மலர்ந்திருந்தது என்று அவள் கணவர் பின்னால் யாரிடமோ சொன்னார்.

தேறாதது ஒன்றே ஒன்றுதான். ஓரகத்தியுடையது. தட்டில் பாதிக்குப் பாதிகூட முளைக்கவில்லை. சொந்தக்காரி என்று சல்லடை அக்கா விட்டுக்கொடுப்பாளா? முற்றத்துக்குக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, கறுத்த பருப்புகளை வரிசையாக வைத்தாள். ஊரே ஒழுங்காகக் காயவைத்திருக்கிறது, சாவியை வைத்திருக்கிறவளுக்கு வெயில் இல்லையா என்று கேட்டாள். ஓரகத்தி சுற்றி நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள். அவர்களில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

விதை பெரும்பாலும் விற்றுப் போயிற்று. விதைப்பும் முடிந்தது. ஒருநாள் காலையில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் கையில் தகரடப்பாவோடு வந்தாள். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்பவள். குத்தகைக்காரி என்றே எல்லோருக்கும் தெரியும். யாரிடமும் எதுவும் பேசாமல் டப்பாவை முற்றத்தில் கவிழ்த்தாள். மண்ணோடு கொழகொழவென்று அழுகிப்போன பருப்புகள் விழுந்தன. ஒரு சால் முழுக்கத் தோண்டிப் பார்த்தேன், இதுதான் இருந்தது என்றாள். குத்தகையை நிலத்துக்காரருக்கு எதை வைத்துக் கொடுப்பது என்று கேட்டாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வந்தவர்கள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேசினார்கள்.

சல்லடை அக்காவுக்கு நெஞ்சு கொதித்தது. என்றைக்கோ தான் நின்ற இடத்தில் இன்றைக்கு இன்னொருத்தி நிற்கிறாள். அவளுக்கு எதிரில், விதைக்கடைக்காரர் இருந்த இடத்தில், சல்லடை அக்காவே நிற்கிறாள். அதை அவளால் தாங்கமுடியவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கழித்துப் பார்த்தாள். தட்டில் முளைத்தது. நிலத்தில் முளைக்கவில்லை. தட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் இருப்பது மில் அறை. மில் அறையின் சாவி யாரிடம்? நல்ல மூட்டையை வெளியே கொடுத்துவிட்டுக் கெட்ட மூட்டையை உள்ளே வைக்க ஒருத்தியால்தான் முடியும். கெட்ட மூட்டை யாரிடம் இருந்தது? ஊரிலேயே ஒருத்தியிடம்தான் இருந்தது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக விழுந்ததும் அவளுக்கு வேறு யோசனையே வரவில்லை. அன்றிலிருந்து ஓரகத்தியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஓரகத்தி மில் அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே மூட்டை இழுபடுகிற சத்தம் கேட்டது. சல்லடை அக்கா கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினாள். இன்னொரு நாள் மார்க்கெட்டில், அதே பழைய விதைக்கடைக்காரர் கடையிலிருந்து ஓரகத்தி காலிச் சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு வெளியே வந்ததைத் தன் இரண்டு கண்ணால் பார்த்தாள். போயும் போயும் அந்த ஆளின் கடை. அங்கே உனக்கு என்ன வேலை என்று சுவர்ப் பக்கமாக நின்று கேட்டாள். வேலை இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரகத்தி உள்ளே போய்விட்டாள். குற்றமுள்ளவள் வேறு எப்படிப் பேசுவாள்?

குழுக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். எல்லோரும் முற்றத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். சல்லடை அக்கா நின்றுகொண்டே தட்டில் ஆரம்பித்து, தாழ்ப்பாள் வழியாக, மார்க்கெட் கடை வரை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவள் பேசப்பேசத் தையல்கார அக்கா பாயின் ஓரத்துக் கோரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். ஒருத்திகூட ஓரகத்திக்காகப் பரிந்து பேசவில்லை. அத்தனை பேரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்றுதான் சல்லடை அக்கா அதை எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஓரகத்தி எழுந்தாள். "நான் மாத்தலேன்னு சொன்னா நீங்க நம்புவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எதை வெச்சு நம்பச் சொல்ற?"

"அதான். எதையாவது வெச்சாதான நீங்க நம்புவீங்க. என்கிட்ட வெக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

சாவியைப் பாயின் மேல் வைத்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அடுத்த வாரமே அவள் கூலிக்குக் களையெடுக்கப் போவதாகத் தெரிந்தது. மகள் படிப்பை நிறுத்திவிடலாமா என்று யாரிடமோ கேட்டாளாம். சல்லடை அக்காவுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்ததுதான். ஆனால் குத்தகைக்காரியின் தகரடப்பாவை நினைத்ததும் கல்லாகிவிட்டாள். இதற்குப் பாவம் பார்த்தால் அதற்கு யார் பாவம் பார்ப்பது?

சாவி இப்போது அவளிடம். ஓரகத்தி எத்தனை மூட்டையில் கைவைத்திருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? விற்காமல் மீதியிருந்த மூட்டைகளில் அவளே கைவிட்டுக் காய் எடுத்து, உடைத்து, மணல் தட்டில் ஊன்றினாள். ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. ஒரு மூட்டைகூட! இத்தனை மூட்டையையும் ஒருத்தி மாற்றியிருக்கிறாள் என்றால் வண்டி வைத்துத்தான் மாற்றியிருக்க வேண்டும். வண்டி வந்தால் தெருவுக்கே தெரிந்திருக்குமே? முதல் தடவையாக அவள் கணக்கு எங்கோ இடித்தது. இடித்த இடத்தை விட்டு நகர அவளுக்கு மனமில்லை. அதுவும் அவள் குணம்தான்.

அப்போதுதான் தன் வீட்டு மூட்டை ஞாபகம் வந்தது. மில் அறையில் இடம் போதாமல் அவளுடைய மூட்டை ஒன்று வீட்டு உள்ளறையிலேயே கட்டிலுக்கடியில் கிடந்தது. அதற்கும் அவள் சோதனை செய்திருந்தாள். தட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முளைத்ததும், தன் விதைக்கும் தானே கறாராகச் சோதனை செய்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். அந்த மூட்டை வாசலைத் தாண்டவில்லை. ஓரகத்தியின் நிழல்கூட அதன்மேல் விழவில்லை. மூட்டையை இழுத்து, தைத்த வாயைப் பிரித்து, அடிவரை கைவிட்டு எடுத்தாள். காய் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உடைத்தால் நாலில் மூன்று கறுப்பு. அப்படியும் மனசு கேட்காமல் தட்டில் ஊன்றிப் பார்த்தாள். தட்டு மொட்டையாகக் கிடந்தது.

மருமகளைக் கூப்பிட்டாள். அந்த வருஷம் சோதனை, கூட்டம் என்று இவள் அலைந்துகொண்டிருந்ததால் வீட்டுக் கடலையைக் காயவைத்தது, மூட்டை பிடித்தது, மாதிரிக்குப் பருப்பு எடுத்துக்கொடுத்தது எல்லாம் மருமகள்தான்.

"நம்ம மூட்டைல மாதிரி எப்படி எடுத்த?"

மருமகள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "உடைச்சு... நல்லதாப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன் அத்தை."

"பொறுக்கியா? மேல நடு அடின்னு சும்மா எடுக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். அப்படி எடுத்தா நாலுல மூணு கறுப்பா இருந்துச்சு. அதைக் கொண்டுவந்து குடுத்தா முற்றத்துல நிக்கவெச்சு என்ன பேசுவீங்கன்னும் தெரியும்." குரலில் எதிர்ப்பு இல்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "எல்லா வீட்லயும் அப்படித்தான் அத்தை எடுத்தாங்க. நாலு படி உடைச்சு ஒரு கை பொறுக்குவோம். சின்ன அத்தை மட்டும்தான் சும்மா அள்ளிக் குடுத்தாங்க. நாங்க சொல்லியும் பாத்தோம். கேக்கல."

சல்லடை அக்கா கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை தட்டிலும் பச்சையாக நின்றது பொய். பாதிகூட முளைக்காத அந்த ஒரே தட்டுதான் நிஜம். அந்த நிஜத்தைக் கொண்டுவந்தவளைத்தான் அவள் எல்லோர் முன்னாலும் கையை நீட்டவைத்தாள், பிறகு திருடி என்றும் சொன்னாள். ஊரில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இத்தனை சந்தேகத்தையும் வைத்துக்கொண்டு, துணி முடிச்சில் வந்த ஒரு கைப்பிடிப் பருப்பை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை. மழை வருஷத்தில் ஒரு சொத்தைகூட இல்லாமல் வந்தபோது, தனக்குப் பயப்படுகிறார்கள் என்று மகிழ்ந்துபோனாள். பயந்ததென்னவோ உண்மைதான். அவளுக்கு அழுகையாக வந்தது. அழுகையைவிட அதிகமாக அவமானமாக இருந்தது.

நேராகத் தையல்கார அக்கா வீட்டுக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மெஷின் நிற்கவில்லை. அதிலிருந்தே சல்லடை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் தெரியுமா என்று கேட்டாள். தையல்கார அக்கா தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் பேசினாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்றாள். முளைத்துவிடும் என்று நினைத்தோம் என்றாள். மூட்டையிலிருந்து ஈரவாடை வருகிறது, காற்றாட மாற்றி வைக்கவேண்டும் என்று ஓரகத்தி வந்து சொன்னபோது, வாங்குகிறவர்கள் கண்ணில் படாமல் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மாற்று என்று சொன்னதே தையல்கார அக்காதான். திருப்பியனுப்பிய மூட்டையை ஓரகத்தி எண்ணெய்க்கு விற்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்ள அந்த மார்க்கெட் கடையைவிட்டால் வேறு கடை இல்லை. இதெல்லாம் அன்றைக்குக் கூட்டத்தில் பாய்க்கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோதே அவளுக்குத் தெரியும்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லி?" தையல்கார அக்கா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஒருத்தி திருடிட்டா, வெளிய அனுப்பிட்டோம்னு சொன்னா சனங்க ரெண்டு மாசத்துல மறந்துட்டு வருவாங்க. நாங்க எல்லாருமே ஏமாத்தினோம்னு சொன்னா அந்தப் பலகையை நாமளே கழட்டி அடுப்புல வைக்க வேண்டியதுதான். இத்தனை பொம்பளைங்க பொழப்பு இதுல இருக்கு. நீயும் பேசாம இரு."

காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்றாள். ஓரகத்திக்குக் குழுவிலிருந்து ரகசியமாக ஏதாவது செய்துவிடலாம் என்றும் சொன்னாள். சல்லடை அக்கா வெளியே வந்தாள். வழியில் பார்த்த பெண்கள் எல்லோரும் வழக்கம்போலச் சிரித்துப் பேசினார்கள். இவளுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், இதோ தண்ணீர்க்குடத்தோடு போகிறாளே அவளுக்கும் தெரியும். தெருவிலேயே தெரியாமல் இருந்த ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு அவளை ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்க்கவைத்தது. இவர்களில் எத்தனை பேர் அன்றைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்பார்கள்? ஒரு கணம் அவளுக்கே ஆசை வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? தான் சோதித்ததில் குறையில்லை என்ற பேர் நிற்கும். யாரும் கேட்கப்போவதில்லை. ஓரகத்தி பேசமாட்டாள். இதுவரை பேசாதவள் இனிமேலா பேசுவாள்?

சுவரைத் தாண்டி ஓரகத்தி வீட்டுக்குப் போனபோது அவள் களைவெட்டியின் காம்பில் விரிசல் விட்ட இடத்தில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சல்லடை அக்கா மில் சாவியை அவள் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம வீட்டு மூட்டையும் அப்படித்தான். தப்பு என் மேல."

ஓரகத்தி சாவியை எடுக்கவில்லை. கம்பியின் முனையை அழுத்தி மடக்கினாள். "இது என்னக்கா, என் வீட்டுக்குள்ள வந்து தர்றீங்க. வாங்கினது இங்கயா?"

அவ்வளவுதான் சொன்னாள். சல்லடை அக்கா சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கோபம்கூட வந்தது அவளுக்கு, மன்னிப்புக் கேட்க வந்தவளை இப்படித் திருப்பி அனுப்பலாமா என்று. வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அந்தக் கோபம் வடிந்துவிட்டது.

விதை வாங்கினவர்களையெல்லாம் மில் முற்றத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். தையல்கார அக்கா ஓடிவந்து தடுத்துப் பார்த்தாள். அடிமடியில் கைவைக்கிறாயே என்று அழுதாள். குத்தகைக்காரி முதல் ஆளாக வந்து நின்றாள். குழுப் பெண்கள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டார்கள். ஓரகத்தியை மருமகள்தான் போய் அழைத்துவந்தாள்.

சல்லடை அக்கா சுற்றி வளைக்கவில்லை. மாதிரியைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தோம், என் வீட்டிலும் அப்படித்தான் எடுத்தார்கள், நான் பார்க்காமல் விட்டேன் என்று சொன்னாள். விதை மாற்றப்படவில்லை, ஆரம்பத்திலிருந்தே கெட்ட விதைதான் என்றாள். ஓரகத்தியைக் கையால் காட்டி, ஒழுங்காகக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான், இவளைத்தான் நான் திருடி என்றேன் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை சொல்லி முடித்தாள். பொறுக்கினவர்கள் யார் யார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, முதலில் என் வீடு என்று எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் அவரவர் வாயால் சொல்லட்டும் என்றாள். பிறகு சுவரோரத்திலிருந்து ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. தையல்கார அக்கா கடைசியாகத் தூக்கினாள்.

"அப்ப திருடி யாரும் இல்ல. எல்லாரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கீங்க," என்றாள் குத்தகைக்காரி. அடுத்த விதைப்புக்கு நல்ல விதை கொடுத்து ஈடுகட்டுவதாகக் குழு ஒத்துக்கொண்டது. சிலர் சரி என்றார்கள். சிலர் இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குத்தகைக்காரி இரண்டும் சொல்லவில்லை. மூட்டை கட்டும்போது தானும் வந்து நின்று பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதில் மறுக்க ஒன்றுமில்லை.

சாவியை எல்லோர் முன்னாலும் சல்லடை அக்கா நீட்டினாள். ஓரகத்தி உடனே வாங்கவில்லை.

"வாங்கிக்கறேன். ஆனா இனிமே இந்த அறைக்குள்ள போயிட்டு வர்றவங்க யாரா இருந்தாலும் வாசல்ல பையைத் திறந்து காட்டிட்டுத்தான் போகணும். சோதனைக்கு மாதிரி எடுக்கறவங்களும்தான்."

எல்லோரும் சல்லடை அக்காவைப் பார்த்தார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள். அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

அடுத்த பருவத்தில் மூட்டைகள் வந்து இறங்கின. மாதிரி எடுக்கிற வேலை இப்போது வீட்டுக்காரிகளிடம் இல்லை. சல்லடை அக்காவே உள்ளே போய் ஒவ்வொரு மூட்டையிலும் அடிவரை கைவிட்டு அள்ள வேண்டும். தேறாத விதைக்காரிகளை முற்றத்துக்குக் கூப்பிடுவதையும் விட்டிருந்தாள்; தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள், கஷ்டப்பட்டுத்தான். அன்றைக்கு அள்ளி முடித்துப் பையோடு வெளியே வந்தபோது ஓரகத்தி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன இரண்டு பெண்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். தன்னை அவள் கேட்கமாட்டாள் என்று சல்லடை அக்கா நினைத்தாள். மூத்தவள், ஒரே சுவரில் வாழ்ந்தவள், இந்த ஏற்பாட்டுக்கே ஊரறியத் தலையாட்டினவள். ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கமாட்டாள்.

ஓரகத்தி கையை நீட்டினாள்.

பையை வாங்கி மடியில் வைத்து, அடிவரை கைவிட்டுத் துழாவினாள். ஒவ்வொரு பொட்டலமாக வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தாள். பிறகு பையின் ஓரத்தையும் விரலால் தடவினாள். அவசரப்படவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து சல்லடை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவள் கண்ணை எங்கே திருப்புகிறாள் என்று பார்க்கிற பார்வை. பைக்குள் எதுவும் இல்லை என்று சல்லடை அக்காவுக்கு நன்றாகவே தெரியும். அப்படியும் திரும்பி வாங்க நீட்டிய கை நடுங்கியது. தப்பே செய்யாதவளுக்கும் கை நடுங்கும் என்பது இத்தனை வயதில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"சரி, போங்கக்கா," என்றாள் ஓரகத்தி.

அவள் பையை வாங்கிக்கொண்டு மணல் தட்டுகள் இருந்த பக்கம் நடந்தாள்.